தாத்தாவின் தச்சுப்பெட்டிக்கு நியாய விலை என்ன?

கன்னியாகுமரி மாவட்டத்தில் களியக்காவிளைக்குப் போகும் வழியில், மார்த்தாண்டத்திலிருந்து பஸ்ஸில் கால்மணி நேரத்தில் ஒரு வீடு. மூத்தாசாரி இறந்து பல வருஷமாகிறது. பரணில் கிடந்த அவருடைய தச்சுப்பெட்டியைப் பேரன் இறக்கி வைத்திருந்தான். உள்ளே மரத்தைச் சீவிச் சமமாக்கும் 14 அங்குல இரும்பு இழைப்புளி ஒன்று, மரத்தில் செய்த இழைப்புளி இரண்டு, எட்டு உளி, ஒரு கைவாள், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு முழக்கோல், அதாவது ஆசாரியின் அளவுகோல்.

"நூறு வருசப் பழக்கமாக்கும் அண்ணே. நாப்பதாயிரத்துக்குக் குறைஞ்சா குடுக்க மாட்டேன்" என்றான்.

முந்தின நாள் வந்த ஆக்கர் கடைக்காரர் (வடக்கே காயலான் கடை என்பார்களே, அதுதான்) மரத்தையெல்லாம் ஒதுக்கிவிட்டு, இரும்பை மட்டும் தராசில் தொங்கவிட்டு, மொத்தம் 180 ரூபாய் சொன்னாராம்.

ஒருவருக்கு 40,000, இன்னொருவருக்கு 180. இரண்டு பேரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். பழைய தச்சுக் கருவிகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே "பழசா, அப்போ லட்சம் போகும்" என்பவர்களும், "பழசா, தூக்கிப் போடு" என்பவர்களும்தான் எனக்கு அதிகம் எதிர்ப்படுகிறார்கள். நடுவில் ஒரு கணக்கு இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் யார் வேண்டுமானாலும் அதைப் போட்டுவிடலாம்.

வயசுக்கு யாரும் காசு தருவதில்லை

வீட்டில் பழைய காலணா இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட வெண்கலக் காசு, தொண்ணூறு நூறு வருஷம் ஆகியிருக்கும். நாணயக் கடைக்காரரிடம் நீட்டினால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அந்தக் காசைக் கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளினார்கள், இன்றைக்கும் டப்பா டப்பாவாகக் கிடைக்கிறது. அதே காலத்தில் கொஞ்சமாக அடித்த ஒரு காசு வந்தால் அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். இரண்டுக்கும் வயசு ஒன்றுதான்.

இழைப்புளியிலும் இதே கதை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ பிரிட்டன் என்ற ஊரில் இருந்த ஸ்டான்லி கம்பெனி, லெனார்ட் பெய்லி என்பவரின் காப்புரிமைகளை 1869இல் வாங்கி, இரும்பு இழைப்புளிகளை எண் போட்டு விற்றது. 4ஆம் எண் 9 அங்குலம், 5ஆம் எண் 14 அங்குலம், 7ஆம் எண் 22 அங்குலம். தச்சர்கள் எல்லோருக்கும் வேண்டியவை 4ம் 5ம். அதனால் அவற்றை மலை மலையாகச் செய்தார்கள். 1ஆம் எண் ஐந்தரை அங்குலக் குட்டி. கைக்குள் அடங்கும், ஆனால் பெரிதாக வேலைக்கு உதவாது. அதனால் வாங்கியவர்களும் குறைவு, இன்று மிச்சமிருப்பதும் குறைவு. அமெரிக்காவில் நல்ல நிலையில் இருக்கும் 1ஆம் எண் ஆயிரம் டாலரைத் தாண்டுவது வழக்கம். அதே காலத்து 4ஆம் எண்ணை அதில் சிறு பங்கு கொடுத்தால் வாங்கிவிடலாம். வேலைக்கு உதவாதது விலையில் உயரப் போய் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு இதில் எப்போதும் ஒரு சிரிப்பு உண்டு.

எத்தனை மிச்சம் இருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற இரண்டும்தான் விலையைத் தீர்மானிக்கின்றன. வயசு இதில் நேராகச் சேருவதில்லை.

போர்டு விலையும் கைமாறிய விலையும்

பேரனுக்கு 40,000 எங்கிருந்து வந்தது? செல்போனில் யாரோ ஒரு இழைப்புளியை அந்த விலைக்குப் போட்டிருந்ததைக் காட்டினான். சரி, அது விற்றதா என்று கேட்டேன். தெரியாது என்றான்.

நம் பக்கம் ரோட்டோரக் காலி மனைகளில் "விற்பனைக்கு" என்று போர்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சென்ட் இவ்வளவு லட்சம் என்று உடைமைக்காரர் சொல்வார். மூன்று மழைக்காலம் போய் போர்டு துருப்பிடித்திருக்கும், மனை அங்கேயே இருக்கும். அவர் சொன்னது ஆசை. பக்கத்து மனை போன மாதம் என்ன தொகைக்குக் கைமாறியதோ அதுதான் விலை. முதலாவதைக் கேட்ட விலை என்றும், இரண்டாவதை முடிந்த விலை என்றும் வைத்துக்கொள்வோம். இணையத்தில் கண்ணில் படுபவற்றில் பெரும்பகுதி கேட்ட விலை. ஏலத் தளங்கள் சிலவற்றில் விற்று முடிந்தவற்றை மட்டும் தனியாகக் காட்டும் வசதி உண்டு, அங்கே போய்ப் பார்க்க வேண்டும். அதிலும் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளக் கூடாது. ஐந்தாறு எடுத்து, உச்சியில் இருப்பதையும் அடியில் இருப்பதையும் தள்ளிவிட்டால் நடுவில் ஒரு தொகை தெரியும்.

கடை விலை இன்னொரு குழப்பம். கொச்சி மட்டாஞ்சேரியில் யூதத் தெருப் பக்கம் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே ஓர் உளிக்கு எழுதியிருக்கும் தொகையை உங்கள் வீட்டு உளிக்குக் கேட்க முடியாது. கடைக்காரர் அதை எங்கேயோ வாங்கி, வண்டி ஏற்றி, துடைத்து, வாடகை கட்டி, மாதக்கணக்கில் காத்திருந்து விற்கிறார். அந்தக் காத்திருப்புக்கும் அந்த விலையில் பங்கு உண்டு. வீட்டுத் திண்ணையில் வைத்து, வந்தவரிடம் உடனே காசு வாங்கிக்கொள்பவருக்கு அந்தப் பங்கு சேராது.

ஒரே இழைப்புளி, நாலு பேர் கண்

வாங்க வருகிறவர் யார் என்று தெரியாமல் விலை பேசவே முடியாது.

ஆக்கர் கடைக்காரர் எடையைப் பார்க்கிறார். 5ஆம் எண் இழைப்புளி இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். பழைய இரும்பு கிலோ 30 ரூபாய் என்று வைத்தால் 65 ரூபாய்க்குள் கதை முடிந்தது. இதற்குக் கீழே எந்த இரும்புக் கருவியும் போகாது. அதனால் இதைத் தரைவிலை என்று சொல்லலாம்.

ரிசார்ட்காரர், ஹோட்டல்காரர் தோற்றத்தைப் பார்க்கிறார். கோவளம் பக்கமும் அதற்கு வடக்கேயும் பழைய நாலுகெட்டு வீடு (நடுவில் முற்றம் வைத்த கேரள வீடு) மாதிரி கட்டி, சுவரில் இழைப்புளியும் வாளும் மாட்டி வைக்கிறார்களே, அவர்கள். பிளேடு வெட்டுமா என்ற கவலை அவர்களுக்கு இல்லை. இரும்பை விட மரத்தில் செய்தது பிடிக்கும், பெரிதாக இருந்தால் இன்னும் பிடிக்கும்.

மூன்றாமவர் வேலை செய்கிறவர். நான்காமவர் சேகரிப்பவர். இந்த இருவர் கணக்கும் கொஞ்சம் நீளமானது, தனித்தனியாகப் பார்ப்போம். அதற்கு முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேரில் உங்கள் கருவிக்கு யார் அதிகம் தர முடியுமோ அவருடைய கணக்குத்தான் உங்கள் விலை. ஆனால் அப்படி ஒருவர் நிஜமாக இருக்க வேண்டும், அவரை உங்களால் எட்ட முடிய வேண்டும். லண்டனில் ஒரு சேகரிப்பாளர் இருக்கலாம் என்ற நினைப்புக்குக் குழித்துறையில் காசு கிடைக்காது.

வேலைக்கு வாங்குகிறவர் கணக்கு

இதுதான் எல்லாவற்றிலும் நேர்மையான கணக்கு என்பது என் எண்ணம். பழைய பைக் வாங்குகிறவர் போடுவாரே, அதே கணக்கு. இதே வேலையைச் செய்யும் புதியதற்கு என்ன விலை? பழையதை ஓடும் நிலைக்குக் கொண்டுவர என்ன செலவு? முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழி.

அந்தப் பெட்டியில் இருந்த 5ஆம் எண்ணுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். அதே தரத்தில் புதியது 3,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி உடைந்திருக்கிறது, புதிதாகச் செய்ய 300. துரு எடுத்து, அடிப்பக்கத்தைத் தேய்த்துச் சமமாக்கி, பிளேடைத் தீட்ட அரைநாள், அதற்கு 600. மிச்சம் 2,600. கண்ணுக்குத் தெரியாத கோளாறு ஏதாவது இருந்தால் என்று ஒரு 300 கழித்தால் 2,300. இதுதான் வேலைக்கு வாங்குகிறவரின் மேல்வரம்பு. இதற்கு மேல் கொடுப்பதற்குப் பேசாமல் புதியதை வாங்கிவிடுவார்.

"புதியது" என்றால் எந்தப் புதியது என்பதில்தான் பேரம் நடக்கும். பழைய இழைப்புளிகளில் பல, இன்று கிடைக்கும் மலிவுச் சரக்கை விட நன்றாக வார்த்தவை. அதனால் விற்பவர் நல்ல புதியதோடு ஒப்பிடுவார், வாங்குகிறவர் மலிவானதோடு ஒப்பிடுவார். இரண்டு பேரும் ஒரே புதியதைப் பார்க்க ஒப்புக்கொண்டாலே பாதிச் சண்டை தீரும்.

ஆக, தரைவிலை 65, மேல்வரம்பு 2,300. இரண்டுக்கும் நடுவில் எங்கே நின்றாலும் யாரும் யாரையும் ஏமாற்றியதாகாது. எந்தப் பக்கம் அதிகம் சாயும் என்பது யாருக்கு அவசரம் என்பதைப் பொறுத்தது.

சேகரிப்பவர் கண்ணில்: முத்திரை என்ன சொல்கிறது

ஏத்தங்குலை (நேந்திரன் வாழைக்குலை) ஏலத்தில் நின்றிருக்கிறீர்களா? ஒரே ஒருவருக்கு அந்தக் குலை வேண்டுமென்றால் ஆரம்ப விலைக்கே எடுத்துப் போய்விடுவார். இரண்டு பேருக்கு வேண்டுமென்றால்தான் ஏறும். இரண்டாமவர் எந்த இடத்தில் கையை இறக்குகிறாரோ, அதற்குக் கொஞ்சம் மேலே நிற்கும். சேகரிப்புக் கருவிகளின் விலையும் இப்படித்தான். மிக அரிதான பொருளாக இருந்தாலும் அதைத் தேடுகிறவர் ஊரில் ஒருவர்தான் என்றால் விலை ஏறாது.

அவர்கள் தேடுவது பெரும்பாலும் பெயரையும் காலத்தையும். லண்டன் நாரிஸ், ஸ்காட்லாந்தின் ஏர் நகரத்து ஸ்பையர்ஸ் போன்றவர்கள் இரும்புக் கூட்டுக்குள் கனமான மரத்தை இறுக்கிச் செய்த இழைப்புளிகள் உலகம் முழுக்க நல்ல விலைக்குப் போகின்றன. அப்படி ஒன்று கிடைத்தால் ஆக்கர் கடைப் பக்கமே போகாதீர்கள். மற்றபடி நம் கையில் வருபவை பெரும்பாலும் ஸ்டான்லி, இங்கிலாந்துக் கம்பெனியான ரெக்கார்ட் இரண்டின் இழைப்புளிகளும், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து உளிகளும்தான். இவற்றின் முத்திரையைப் படிப்பதில் மூன்று தவறுகள் அடிக்கடி நடக்கின்றன.

முதல் தவறு, காப்புரிமைத் தேதியைச் செய்த வருஷம் என்று நினைப்பது. பழைய ஸ்டான்லி இழைப்புளிகளில் பிளேடு உட்காரும் இடத்துக்குப் பின்னால் தேதிகள் வார்த்திருக்கும். கடைசித் தேதி 1910 ஏப்ரல் என்று இருந்தால் அது 1910க்கு முன் செய்ததில்லை என்று மட்டும்தான் பொருள். கார் ஆர்.சி. புத்தகத்தில் அப்பா பிறந்த வருஷத்தைத் தேடுவது போன்ற வேலை அது.

இரண்டாவது, "மேட் இன் இங்கிலாந்து" என்பதைக் கண்டதும் வெள்ளைக்காரன் காலம், நூறு வருஷம் என்று முடிவு கட்டுவது. ஸ்டான்லி ஷெஃபீல்டில் செய்யத் தொடங்கியது 1930களின் பின்பாதியில்தான். ரெக்கார்ட் பெயரில் இழைப்புளி வந்தது 1931இல். ஆகவே இங்கிலாந்து ஸ்டான்லிக்கோ, எந்த ரெக்கார்ட் இழைப்புளிக்கோ இன்னும் நூறு வயது ஆகவில்லை. மார்த்தாண்டம் பெட்டியில் இருந்தது இங்கிலாந்து ஸ்டான்லி. அதைச் சொன்னபோது பேரனின் முகம் கொஞ்சம் விழுந்தது, பாவம்.

மூன்றாவது, உளியில் "கேஸ்ட் ஸ்டீல்" என்று அடித்திருப்பதைப் பார்த்து, அச்சில் வார்த்த மட்டமான இரும்பு என்று தள்ளிவிடுவது. நேர் எதிர். 1740களில் ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் எஃகை மண்குகையில் (உலோகம் உருக்கும் மண் பாத்திரத்தில்) வைத்து முழுதாக உருக்கி ஊற்றும் முறையைக் கொண்டுவந்தார். அப்படி ஊற்றிய கட்டியை அடித்துத்தான் உளி செய்வார்கள். உருக்கியதால் அது உள்ளே ஒரே சீராக இருக்கும், கூர் நிற்கும். அந்தப் பெருமையைச் சொல்லத்தான் முத்திரை. தமிழில் உருக்கு என்ற ஒரே சொல்லில் இது இருக்கிறது, நாம்தான் அதை மறந்துவிட்டு வார்ப்பு என்று படிக்கிறோம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நூறு வருஷத்தில் பிளேடு தேயும், திருகு தொலையும். ஆசாரி வேறொரு இழைப்புளியிலிருந்து எடுத்து மாட்டியிருப்பார். வேலை செய்கிறவருக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. சேகரிப்பவருக்கு அது பெரிய குறை. எல்லா உறுப்பும் அந்தந்த இடத்தில் ஆரம்பம் முதல் இருந்தவையாக இருப்பதை முழுமை என்பார்கள். ஸ்டான்லி 45ஆம் எண் மாதிரிப் பலவேலை இழைப்புளிகளில் முழுமைதான் எல்லாமே. அதற்கு ஒரு பெட்டி நிறைய விதவிதமான வெட்டும் பிளேடுகள் உண்டு. பெட்டியோடு அத்தனையும் இருந்தால் ஒரு விலை, வெறும் உடல் மட்டும் என்றால் அதில் பாதிகூட வராது.

சுருக்கமாக: பெயர் யாரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லும். தேதி எதற்கு முன் இல்லை என்று சொல்லும். முழுமை அவர் எவ்வளவு தூரம் ஏறுவார் என்று சொல்லும்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

எங்கள் மாவட்டத்தில் வருஷத்துக்கு இரண்டு பருவமழை. கடற்கரைப் பக்கம் உப்புக் காற்று வேறு. துரு இல்லாத பழைய கருவி கிடைக்காது, அதனால் துருவைக் கண்டு பயப்பட வேண்டாம். என்ன துரு என்று பார்க்க வேண்டும். மேலே பழுப்பாகப் படிந்தது துணியும் எண்ணெயும் போட்டால் போய்விடும். அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்திருந்தால் போகாது. உளியிலும் பிளேடிலும் தட்டையான பின்பக்கத்தில், வெட்டும் முனைக்கு அருகில் குழி இருந்தால் கூர் முனையில் பல் விழுந்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்ட உளியை ஆக்கர் விலைக்கு மேல் வாங்காதீர்கள், எந்த முத்திரை இருந்தாலும்.

இரும்பு இழைப்புளியைத் தலைகீழாகத் திருப்புங்கள். பிளேடு வெளியே எட்டிப் பார்க்கும் பிளவுக்கு வாய் என்று பெயர். அதன் இரண்டு மூலையிலும் நகத்தை ஓட்டுங்கள். முடி போல ஒரு கோடு தட்டுப்பட்டால் விரிசல். வார்ப்பிரும்பை ஒட்டுவது கடினம், ஒட்டினாலும் கோணும். ஒரே தடவை கீழே விழுந்தால் போதும் இது வர. அடுத்து பிளேடின் நீளம். அதில் நடுவே நீண்ட துளை இருக்கும். வெட்டும் முனைக்கும் துளைக்கும் நடுவில் கால் அங்குலம்தான் பாக்கி என்றால், மூத்தாசாரி அதை முழுக்கத் தீட்டித் தின்றுவிட்டார் என்று பொருள். புது பிளேடின் விலையையும் கழித்துவிடுங்கள். வாளை முகத்துக்கு நேரே நீட்டி, துப்பாக்கி குறிபார்ப்பது போல ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். லேசான வளைவு சரியாகும். ஒரு இடத்தில் மடங்கியது லேசில் சரியாகாது.

இப்போது என் முட்டாள்தனம் ஒன்று. பல வருஷத்துக்கு முன் ஒரு பழைய இரும்பு இழைப்புளி கையில் கிடைத்தது. கம்பி பிரஷ்ஷை கிரைண்டரில் மாட்டி, வெள்ளி போலப் பளபளக்க வைத்து, கைப்பிடிக்கு வார்னிஷ் அடித்து, பெருமையாகச் சேகரிப்பவர் ஒருவரிடம் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார். "இதைக் குளிப்பாட்டாம கொண்டுவந்திருந்தா ரெண்டு மடங்கு தந்திருப்பேன்" என்றார். கை பட்டுப் பட்டு மரத்திலும் இரும்பிலும் படிந்த அந்தக் கருமைக்குத்தான் அவர் காசு தருகிறார். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டின் கறை இருந்தால்கூட நான் இப்போது துடைப்பதில்லை. விற்கிற எண்ணம் இருந்தால் தூசி தட்டி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, அதோடு நிறுத்துங்கள்.

நம்மூர்க் கருவிகளுக்கு யார் விலை சொல்வது?

இதுவரை பேசியது சீமைச் சரக்கு. பெட்டியில் பாதி அதுவல்ல. உள்ளூர்க் கொல்லர் அடித்த அகன்ற வீதுளி, கனத்த மரத்தைக் குடைந்து செய்த இழைப்புளி (எல்லை தாண்டிக் கேரளம் போனால் அதற்குச் சிந்தேர் என்று பெயர்), முழக்கோல். இவற்றில் முத்திரை இல்லை, எண் இல்லை, விற்று முடிந்தவற்றின் பட்டியலும் இல்லை. தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய், தாய்க் கொட்டாரத்தில் ஒற்றைப் பலாமரத் தூணில் செதுக்கியிருப்பதைப் பாருங்கள். இந்த மாதிரிப் பெயரில்லாத உளிகளின் வேலைதான் அது. அப்படிப்பட்ட உளியைத் தராசில் போடுகிறோம்.

முத்திரை இல்லாததால் சேகரிப்பவர் கணக்கு இங்கே ஓடாது. வேலைக்காரர் கணக்கும் ரிசார்ட்காரர் கணக்கும்தான் ஓடும். நல்ல எஃகு முனை வைத்து அடித்த உளியா என்பது தீட்டும்போது தெரிந்துவிடும், அதற்குப் புதியதன் விலையை வைத்துப் பேசலாம். முழக்கோல் மட்டும் வேறு ஜாதி. கேரளத் தச்சு முறையில் ஒரு கோல் 24 அங்குலம், நம் இஞ்ச் அங்குலம் இல்லை, கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் வரும் பழைய அங்குலம். ஒரு கோல் 72 சென்டிமீட்டர். 1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தவர்கள் இல்லையா, பழைய வீடுகள் இங்கேயும் அந்த அளவில்தான். உள்ளூர் ஆசாரி குறி வெட்டிய கோல் அந்தப் பக்கத்து வீடுகளைப் படிக்க உதவும் ஆவணம். அதற்கு இன்றைக்குப் பெரிய விலை கிடைக்காது. கிடைக்கவில்லை என்பதற்காக விறகடுப்பில் வைக்காதீர்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்பி விற்கலாமே என்று கேட்பவர்கள் 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நூறு வருஷம் கடந்த கைவினைப் பொருள் அதன் வரையறைக்குள் வரலாம். தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய அந்தச் சட்டம் இடம் தருவதில்லை.

மறுபடியும் அந்தப் பெட்டி

திண்ணையில் ஒரு பழைய பேப்பரை விரித்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, இதே கணக்கைப் பேரனோடு சேர்ந்து போட்டேன். ஸ்டான்லிக்கு 2,300. வாயில் விரிசல் இல்லை, அதை அவனையே நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னேன். எட்டு உளியில் மூன்று குழி விழுந்தவை, ஆக்கருக்கு. மீதி ஐந்தும் கேஸ்ட் ஸ்டீல், ஒன்று 250 வீதம் 1,250. வாள் நடுவில் மடங்கியிருந்தது, அதற்கு 50 தருகிறேன் என்றேன், கைப்பிடியின் பித்தளைத் திருகுக்காக. மர இழைப்புளி இரண்டையும் நான் எடுக்கவில்லை. ரிசார்ட் வேலை எடுத்துச் செய்யும் ஒருவரின் நம்பரைக் கொடுத்து, அவர் என்னை விட அதிகம் தருவார் என்றேன்.

கூட்டிப் பார்த்தான். 3,600. "நாப்பதாயிரம் எங்க, இது எங்க" என்று சிரித்தான். பிறகு, "ஆக்கர்காரன் நூத்தி எம்பதுல்லா சொன்னான்" என்று அவனே சொல்லிக்கொண்டான்.

முழக்கோலை எடுத்து, இது எவ்வளவு என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அவன் பாட்டி வந்தார். "அத இங்க தா. அது இந்த வீட்டுக்க அளவு" என்று வாங்கிக்கொண்டு போய்க் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தார்.